வெயிலுக்கு டேப், பனிக்கு ஸ்லீவ்

எரிகிறது. எரியும் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த நர்ஸ் பெண் ஊற்றினாள், சொல்லிவிட்டால் மட்டும் எரியாமல் இருக்குமா. கண்ணுக்கு ஒரு சொட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, மொத்தம் மூன்று தடவை, கண் பாப்பா நல்லா விரிஞ்ச பிறகுதான் டாக்டர் பார்ப்பாங்க, அதுவரைக்கும் மூடிட்டே உட்காருங்க மேடம், போன் பார்க்காதீங்க, பார்த்தாலும் தெரியாது. கையில் ஒரு துண்டுப் பஞ்சைத் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். மூடிக்கொண்டால் உள்ளே ஒரே ஆரஞ்சு, ஓரத்தில் கொஞ்சம் பச்சை, பஞ்சால் அழுத்தினால் ஊதா. இந்த ஊதாவை லென்ஸில் கொண்டுவர முடியுமா? கேட்டால் சாயம் போடுகிறவர் சிரிப்பார், போன தடவையும் சிரித்தார். பதினாறு வருஷமாகக் கண்ணாடி ஃபிரேம் வரைந்துதான் சோறு தின்கிறேன், இதுவரை ஒரு நாள்கூடக் கண்ணாடி போட்டதில்லை. இதை வெளியே சொன்னால் மானம் போய்விடும். போன வாரம் ஸ்கேலில் மில்லிமீட்டர் கோடெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ஸ்கேல் பழசு என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினேன், அதிலும் ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் உறைத்தது. நாற்பத்து மூன்று வயசு, வெள்ளெழுத்து, ஊரில் எல்லாருக்கும் வருவதுதான். எனக்கு மட்டும் வராது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். இப்போது பதினொன்று பத்து இருக்கும். பன்னிரண்டுக்கு சென்னியப்பன் சார் கூப்பிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போறேனுங்க சார் என்று சொன்னேன், அதனாலென்னுங்க, அங்க சும்மாதான உட்கார்ந்திருப்பீங்க, யோசிங்க என்றார்.

சென்னியப்பன் சார் எங்கள் முதலாளி. ஒப்பணக்கார வீதியில் சின்னதாகக் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், இன்றைக்குச் சின்னவேடம்பட்டியில் முப்பது பேரை வைத்து ஃபிரேம் செய்து ஈரோடு, சேலம், மதுரை என்று அனுப்புகிறார். எறும்பைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வார். கோபப்பட்டால்கூடத் தேவலை, திட்டிவிட்டார் என்று நாமும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். அவர் திங்கட்கிழமை டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார், சம்மர் கலெக்‌ஷனுக்கு முகப்புல நிக்கற மாதிரி ஒரு ஃபிரேம் வேணுங்க வசுமதி, போன ரெண்டு சீசனும் எங்கியோ பார்த்தாப்புலயே இருக்குதுன்னு ஈரோட்டுக் கடைக்காரரு சொல்றாரு, உங்குளுதுன்னு ஒண்ணு குடுங்க, இல்லீன்னா கேட்டலாக்கப் பார்த்து நாமளே வெட்டிக்கலாம், அதுக்கு டிசைனர் எதுக்குங்க. அவ்வளவுதான். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஈரோட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. எங்கேயோ பார்த்தாற்போல இருக்கிறது என்றால் எங்கேயோ பார்த்துத்தான் வரைந்தேன். வெளிநாட்டுக் கேட்டலாக் ஒன்று என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, அதை இழுப்பறைக்குள்ளேயே வைத்துப் புரட்டுவேன், பரீட்சையில் பிட்டு அடிப்பதுபோல. முதல் தடவை காய்ச்சலாக இருந்தேன், நாள் நெருங்கிவிட்டது, ஒரே ஒரு தடவைதான் என்று செய்தேன். இரண்டாவது தடவை காய்ச்சல் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. வரவில்லை, வரவே இல்லை, பென்சிலை எடுத்தால் கை அந்தக் கேட்டலாக்கின் வளைவைத்தான் போடுகிறது. இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் சொந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பன்னிரண்டு ஐந்துக்கு நான் யார்?

சம்மர் என்று நினைத்த உடனே மண்டைக்குள் கேட்டலாக் தானாகத் திறந்துகொள்கிறது. நீலக் கடல், கோடு போட்ட குடை, மணலில் காலை நீட்டிப் படுத்திருக்கும் நீள மூக்குக்காரி. அது யாருடைய வெயில்? கோயம்புத்தூரில் கத்திரி வெயிலில் எவள் போய் மணலில் படுப்பாள், படுத்தால் அப்பளம்தான். வருஷத்தை ஸ்பிரிங்-சம்மர், ஃபால்-விண்டர் என்று இரண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள், நாமும் அதற்குத் தலையாட்டிக்கொண்டு ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே இலையுதிர்காலக் கலெக்‌ஷன் விற்கிறோம். இங்கே ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு காற்று வரும், கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் போகும், அதற்கு எவனாவது ஒரு கலெக்‌ஷன் போட்டானா? நானே போடவில்லை, அப்புறம் எவனைச் சொல்ல. வேறு எதை யோசிக்கலாம்? வெல்டிங் கண்ணாடி. செக்கு மாட்டுக்குக் கட்டும் கண்பட்டை. தேர்க்கடையில் விற்கும் சிவப்பு ஜிகினாத்தாள் கண்ணாடி, அதைப் போட்டுக்கொண்டால் தேரும் சிவப்பு, யானையும் சிவப்பு, அம்மாவும் சிவப்பு. எட்டாவது படிக்கும்போது சூரிய கிரகணம் வந்தது, பள்ளிக்கூடத்தில் லீவு விட்டார்கள், வீட்டில் இருந்த அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயைக் கண்ணில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நின்றேன். விலா எலும்புக்கு நடுவில் சூரியன் தேய்ந்துகொண்டு வந்தது. அப்படிப் பார்க்கக் கூடாது, கண் போய்விடும் என்று பிறகு படித்தேன், ஆனால் அன்றைக்கு அப்பாவுக்குள்ளேயே சூரியன் இருப்பதாக எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதை வைத்து ஒரு லென்ஸ் வரைந்தேன், சாம்பல் நிறம், குறுக்கே மங்கலாக வெள்ளைக் கோடுகள். நெஞ்செலும்ப யாருங்க மூஞ்சில மாட்டிக்குவாங்க என்று சார் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அது என்னுடையது. யாரும் மாட்டிக்கொள்ளாவிட்டாலும் என்னுடையது. அந்த மாதிரி ஒன்று கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்தால் ஏழெட்டு வருஷம் ஆகிறது.

கண்ணைத் திறக்கக் கூடாது என்றார்கள். திறந்தேன். என் கையையே காணோம், அதாவது கை இருக்கிறது, ரேகை இல்லை, நகம் இல்லை, மாவு பிசைந்து வைத்ததுபோல் ஒரு வெள்ளை உருண்டை. ஆனால் ஹாலின் அந்தக் கோடி பளிச்சென்று இருக்கிறது. டோக்கன் கவுண்டர், தண்ணீர்க் கேன், சுவரில் மாட்டிய காலண்டர், தேதிகூடத் தெரிகிறது. எவ்வளவு விசித்திரம், பக்கத்தில் இருப்பதெல்லாம் போய்விட்டு தூரத்தில் இருப்பது மட்டும் மிஞ்சுகிறது. சரி, பார்ப்பதற்கு அதுதான் இருக்கிறது என்றால் அதையே பார்ப்போம். கவுண்டர் முன்னால் நிற்கும் பேங்க் ஆபீசர் மாதிரி ஒருத்தர் நடுவிரலால் கண்ணாடியை மேலே தள்ளினார். அடுத்து நிற்கும் காலேஜ் பெண் கையைப் பயன்படுத்தவில்லை, மூக்கை ஒரு சுருக்கு, முயல் மாதிரி, கண்ணாடி ஏறிவிட்டது, மறுபடி இறங்கியது, மறுபடி சுருக்கு. ஒரு அம்மாவுக்கு ஒரு கையில் பை, ஒரு கையில் ஃபைல், அவர் தோளைத் தூக்கிக் கன்னத்தோடு சேர்த்து ஒரு இடி. பெரியவர் ஒருத்தர் தள்ளவே இல்லை, கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்ததும் அதற்குத் தகுந்தபடி அண்ணாந்துகொண்டார், விட்டுக்கொடுத்துப் போகிற மனுஷர். மார்கழி மாசம், குளுகுளுவென்று ஏசி, அதற்கே இப்படி. மே மாசத்தில் என்ன செய்வார்கள் இவர்கள்? எண்ணிப் பார்த்தால் என்ன? எண்ணினேன். ஐந்து, ஆறு. முயல் பெண் மட்டும் ஒன்பது. எங்கள் ஆபீஸில் துரை என்று ஒரு தலை இருக்கிறது, பிளாஸ்டர் தலை, வெள்ளை, வெளிநாட்டிலிருந்து வந்தது, எடுப்பான மூக்கு. எந்த ஃபிரேம் வரைந்தாலும் முதலில் துரைக்கு மாட்டித்தான் பார்ப்போம். துரைக்கு எல்லாமே பொருந்தும். அவனுக்கு வேர்க்காது, தலையில் எண்ணெய் கிடையாது, குனிய மாட்டான், குழந்தையைத் தூக்க மாட்டான். பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் மூக்கிலிருந்து ஒன்றும் இறங்கியதில்லை. பதினாறு, பதினேழு. பதினேழு என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

யாரை எண்ணுகிறீர்கள் என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பினேன், நீலப் புடவை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல். குரலுக்கு ஐம்பது வயசு சொல்லலாம். கண்ணாடி தள்றவங்களை எண்றேனுங்க்கா என்றேன், பைத்தியம் என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும். அந்த அக்கா நினைக்கவில்லை, சிரித்தார். என்னைய மட்டும் எண்ணிப்போடாதீங்க கண்ணு, நானு தள்றதில்ல என்றார். ஏனுங்க்கா? எறங்குனாத்தான தள்றதுக்கு. எனக்குச் சுருக்கென்றது. எறங்காதுங்களா? எறங்காது. குனிஞ்சாலும்? குனிஞ்சுட்டேதான வேலையே. அவருக்குக் கணபதி பக்கம் ஒரு பம்புசெட் பட்டறையில் வைண்டிங் வேலை, மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றுவது, இருபத்திரண்டு வருஷமாக. இரும்பு வளையத்துக்குள் இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் விட்டுக் கம்பியை இழுத்து இழுத்து வரிசையாக அடுக்க வேண்டுமாம், ஒவ்வொரு சுற்றையும் மனசுக்குள் எண்ண வேண்டுமாம். நடுவில் கண்ணாடி இறங்கியது என்று கையை எடுத்தால் எண்ணிக்கை போய்விடும். ஒரு சுத்து கொறைஞ்சா மோட்டாரு திரும்பி வந்துரும் கண்ணு, வந்தா சூப்பர்வைசரு மூஞ்சியப் பார்க்க முடியாது. ஃபேனும் போட மாட்டார்களாம், போட்டால் மோட்டாருக்குள் வைக்கும் பேப்பர் பறக்கும். அப்புறம் எப்படிங்க்கா? அதற்கு அவர் கண்ணாடியைக் கழற்றி என் மடியில் வைத்தார். கண்ணுக்குத் தெரியவில்லை. தொட்டுத்தான் பார்த்தேன்.

ரோட்டோரத்தில் விற்கும் சாதாரணக் கம்பி ஃபிரேம், வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல், பாலீஷ் போய்ச் சொரசொர என்றிருந்தது. ஆனால் காதில் மாட்டும் கையின் நுனிக்கு வந்ததும் என் விரல் நின்றுவிட்டது. அங்கே செம்புக் கம்பி சுற்றியிருந்தார். சுற்று என்றால் அப்படி ஒரு சுற்று, ஒன்றை ஒட்டி இன்னொன்று, நகத்தை விட்டுப் பார்த்தேன், இடையில் நுழையவில்லை. காதுக்குப் பின்னால் எலும்பு எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து கீழே ஒரு சுருளில் முடிந்தது. வார்னிஷ் போட்டிருக்கிறார், வாசனை வந்தது. இரண்டு வட்டத்துக்கும் நடுவில் மூக்கின் மேல் உட்காரும் இடம், நாங்கள் பிரிட்ஜ் என்போம், அதில் பருத்தி டேப், மோட்டாருக்குள் கம்பிச் சுருளைக் கட்டும் அதே டேப்பாம், ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி சுற்றி முடிச்சை உட்புறம் மறைத்திருந்தார். லேசாக ஈரமாக இருந்தது. ரப்பர் வெச்சா வேர்வையில வழுக்கும், டேப்பு வேர்வையக் குடிச்சுப்போட்டு அப்படியே புடிச்சுக்கும் என்றார். குடித்துவிட்டுப் பிடித்துக்கொள்ளும்! நான் பதினாறு வருஷமாக வேர்வையை எதிரியாகத்தான் நினைத்து வந்திருக்கிறேன், இந்த அக்கா அதையே வேலைக்கு வைத்துவிட்டார். இது வெயிலுக்கு மட்டும்தானுங்களா என்று சும்மாதான் கேட்டேன். பையைத் திறக்கும் சத்தம், ஒரு டப்பா திறக்கும் சத்தம், பெருங்காய வாசனை. காலிப் பெருங்காய டப்பாவில்தான் எல்லாம் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். ஆடிக் காத்துக்கு இது என்று ஒரு பேப்பர், மோட்டாருக்குள் வைக்கிற விறைப்பான பேப்பர், வெற்றிலை அளவு, ஓரத்தில் இரண்டு துளை, கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டால் தூசி வராது. பனிக்கு இது என்று ஒரு வழுவழுப்பான குழாய், கம்பிக்கு மாட்டுகிற ஸ்லீவ், காலை ஷிஃப்டுக்குப் போகும்போது இரும்பு காதில் பட்டால் ஜில்லென்று இருக்குமே, அதற்கு. எங்க பட்டறையில சித்திரை பொறந்தா அல்லாரும் ஒட்டுக்கா டேப்பு மாத்துவோம் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கலெக்‌ஷன் என்றால் இதுதானே? ஒரே ஃபிரேம், பருவத்துக்கு ஒரு உடுப்பு. பெருங்காய டப்பாவுக்குள் வருஷம் முழுக்க இருக்கிறது, நானோ இழுப்பறைக்குள் கடலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் வந்து மூன்றாவது சொட்டை ஊற்றிவிட்டுப் போனாள். எரிச்சலே தெரியவில்லை. நோட்டை எடுத்து வரைந்தேன், பென்சில் எங்கே போகிறது என்று தெரியவில்லை, கோட்டின் மேல் கோடு விழுந்திருக்கும், விழட்டும், கை தானாக ஓடுகிறது, எவ்வளவு நாளாயிற்று இப்படி ஓடி. அந்தச் சுருள், அந்த டேப், ஓரத்தில் கழற்றி மாட்டுகிற வெற்றிலை. டேப்பைச் சாயம் போட்டுக் கொடுக்கலாம், மஞ்சள், செங்கல், கறுப்பு, அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். பேர்கூட வந்துவிட்டது, கத்திரி. சாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன், சார், ஒரு ஃபிரேம், மூணு உடுப்பு, யோசிச்சு யோசிச்சுக் கடைசில ஒண்ணு புடிச்சேன். புடிச்சேன். எங்கே பிடித்தாய் என்று உள்ளே ஒன்று கேட்டது, அதை அடக்கினேன். செம்பு யாருக்குச் சொந்தம், பருத்தி யாருக்குச் சொந்தம், பார்ப்பதெல்லாம் யோசனைதானே, இந்தத் தொழிலில் பார்க்காமல் எவன் வரைகிறான்? இழுப்பறையிலிருந்து எடுப்பது திருட்டு, இது அப்படியில்லை, இது தற்செயல். ஆமாம், தற்செயல். கேட்டலாக்காரன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், அவன் முகம் எனக்குத் தெரியாது. இந்த அக்காவின் முகமும் எனக்குத் தெரியவில்லைதான், ஆனால் தோள் இடிக்கிறது. என்ன கண்ணு எழுதறீங்க என்று கேட்டார். சும்மாங்க்கா, கணக்கு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்துவிட்டது. பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் அருவருப்பாகவும் இருந்தது.

இவ்வளவு நல்லா வச்சிருக்கீங்களே, அப்புறம் எதுக்குங்க்கா ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க என்று பேச்சை மாற்றினேன். அந்த அக்கா பெருமூச்சு விட்டார். மருமகன் தீபாவளிக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாராம், திருப்பூரில் பெரிய கடையில். உனக்கு இந்தக் கம்பி சுத்துனதெல்லாம் என்னத்துக்கும்மா, நாலு பேரு பார்த்தா என்ன நெனப்பாங்க என்று மகளும் சொன்னாளாம். புதுசு போட்டால் நிற்க மாட்டேன் என்கிறதாம். போட்டதும் சறுக்கு, போட்டதும் சறுக்கு. அதுக்கும் டேப்பு சுத்துனா மருமகன் மனசு சங்கடப்படும். கடைக்கே திரும்பப் போய்க் கேட்டதற்கு உங்களுக்கு மூக்கு சப்பைங்கம்மா, கண்ணாடில ஒண்ணுமில்ல என்று சொல்லி அனுப்பிவிட்டான் ஒரு பொடியன். அதுதானுங் கண்ணு, டாக்டருகிட்ட மூக்குக்கு எதாச்சும் வழி இருக்குதான்னு கேக்கலாம்னு வந்தேன். சொல்லிக்கொண்டே அதையும் எடுத்து என் கையில் கொடுத்தார். வாங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரல் உள்பக்கமாகப் போயிற்று, அங்கே ஒரு சின்னப் பனித்துளி பொறித்திருக்கும், இருந்தது. போன சீசன், விண்டர் கலெக்‌ஷன். வெண்பனி. இரண்டாவது தடவை, காய்ச்சல் இல்லாமல் செய்தது. ஐயோ என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். இரண்டு ஃபிரேமையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு பிரிட்ஜைத் தடவித் தடவிப் பார்த்தேன், அகலம், இது எவ்வளவு அகலம். கேட்டலாக்கில் பதினெட்டு மில்லிமீட்டர் போட்டிருந்தது. அப்படியே எடுத்தால் பார்த்து வரைந்தது தெரிந்துவிடும், ஏதாவது ஒரு அளவை மாற்றினால் அது வேறு ஃபிரேம் என்று எங்கள் தொழிலில் ஒரு சமாதானம் உண்டு. நான் பிரிட்ஜை அகட்டி இருபது ஆக்கினேன். துரையின் எடுப்பான மூக்குக்கு அது ஒன்றும் செய்யவில்லை. இங்கே இருக்கிற மூக்குக்குப் பதினெட்டே தாராளம், இருபது என்றால் நிற்க ஒரு பிடி ஏது, வேர்வை வந்தால் நேராகக் கீழேதான். அந்த ஃபிரேமில் எல்லாம் கேட்டலாக்காரனுடையது, அந்த இரண்டு மில்லிமீட்டர் மட்டும்தான் என்னுடையது, வழுக்குவதும் அதனால்தான். முயல் பெண் போட்டிருப்பதுகூட வெண்பனியாக இருக்குமோ? எத்தனை பேர் தங்கள் மூக்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இந்த ஊரில் நடமாடுகிறார்கள்? இரண்டு ஃபிரேமையும் திருப்பிக் கொடுத்தேன். சொல்லத்தான் நினைத்தேன். டாக்டர் என்ன சொல்வாருங் கண்ணு என்று கேட்டார். தெரியலீங்க்கா என்றேன்.

போன் அடித்தது. திரையில் பேர் தெரியவில்லை, பச்சையாக ஒரு கறை மட்டும் நடுங்கியது, வேறு யாராக இருக்க முடியும். எடுத்தேன். ஆச்சுங்களா வசுமதி என்று கேட்டார், ஆச்சுங்க சார் என்றேன். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், காதுக்குப் பின்னால் செம்புச் சுருள், மூக்கில் வேர்வையைக் குடிக்கிற டேப், காத்துக்குப் பேப்பர், பனிக்கு ஸ்லீவ், சித்திரையில் மாற்றுவது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன், பக்கத்தில் கேட்கக் கூடாது என்று. அந்தப் பக்கம் பென்சில் கிறுக்குகிற சத்தம். அப்புறம் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்த சத்தம் கேட்டது.

"நல்லா இருக்குதுங்க. ரொம்ப நல்லா இருக்குதுங்க வசுமதி. இது உங்குளுதுதானுங்களே?"

ஆமாங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டும், ஒரே வார்த்தை, அது நாக்கின் நுனிக்கு வந்து உட்கார்ந்தும்விட்டது. சொன்னால் நான் டிசைனர். நாளைக்கே தகடு வெட்டுவார்கள், மே மாசம் ஈரோட்டுக்காரர் வாயடைத்துப் போவார், யாருக்கு என்ன நஷ்டம், இந்த அக்காவுக்கு இது யோசனை என்பதே தெரியாது. பக்கத்தில் அவர் அசைகிறார். டாக்டர் கூப்பிடப் போகிறாரென்று புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறார் போல, முழங்கை என் விலாவில் பட்டது, ச்சு என்று ஒரு சத்தம், சறுக்கிவிட்டது. மறுபடி முழங்கை, மறுபடி ச்சு. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்து மேலே இழுத்துவிடுகிறார், மூக்கு வளர்ந்துவிடும் என்பதுபோல. எனக்கு அழுகை வந்துவிட்டது, மருந்தால் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் மருந்தால் இல்லை.

"இல்லீங்க சார். பக்கத்துல ஒரு அக்கா உட்கார்ந்திருக்காங்க, அவங்குளுது. வெண்பனியும் என்னுது இல்லீங்க, கேட்டலாக்கப் பார்த்து வரைஞ்சது. தெரியக் கூடாதுன்னு பிரிட்ஜை ரெண்டு மில்லிமீட்டர் அகட்டிட்டேன். அந்த ரெண்டு மட்டுந்தான் என்னுது. அதுனாலதான் வழுக்குது."

இந்தத் தடவை குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்தில் முழங்கை நின்றுவிட்டது. ஹாலில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள், யாரோ எழுந்து போனார்கள்.

"அப்ப என்ற மூக்கு?" என்றார் அந்த அக்கா.

"உங்க மூக்குல ஒண்ணுமில்லீங்க்கா. தப்பு வரைஞ்சதுல. வரைஞ்சது நானு."

"மூணு மாசமா இந்த மூக்கத் திட்டீட்டுக் கெடந்தேன்," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். போனில் சார் தொண்டையைச் செருமினார். வேலை போயிற்று என்று நினைத்தேன், போனால் போகட்டும் என்று நினைக்க முடியவில்லை, பயமாகத்தான் இருந்தது. அவங்க பேரு என்னங்க என்று சார் கேட்டார். பேர். அரை மணி நேரமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, டப்பாவைக் காலி பண்ணுகிறவரைக்கும் வாங்கிக்கொண்டேன், பேர் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

"அக்கா, எங்க முதலாளி பேசறாருங்க. உங்க பேரக் கேக்கறாரு."

டப்பாவுக்குள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது, பேப்பர், ஸ்லீவ், அப்புறம் மூடியை அழுத்தி மூடினார். புதுக் கண்ணாடியை மறுபடி என் கைக்குள் வைத்து விரலை மடக்கிவிட்டார்.

"பேரு அப்பறஞ் சொல்றேன். மொதல்ல அந்த ரெண்டு மில்லிமீட்டரக் கொறைச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

அதை அப்படியே சாரிடம் சொன்னேன்.